இரும்பு மூடிகளின் எடை

1994ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13ஆம் நாள், வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மலேசியாவில், கிள்ளானில் ஒரு தகரக் கொட்டகையின் முற்றத்தில் நாற்பத்தோர் இரும்பு மூடிகள் கழுவி அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குச் சந்தனப் பொட்டு வைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கடந்த ஒரு மாதமாக நான் எழுதிய எண்கள் அனைத்தும் தவறு என்பது எனக்குத் தெரிந்தது. உடனே மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கெட்டது நேரும்போது பிறர் கடவுளை அழைப்பார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அப்போது நான் தமிழ் இலக்கியம் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவி. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நீண்ட விடுமுறையில் நான் புத்தகங்களுக்கு நடுவில் அசையாமல் கிடப்பதைப் பார்த்த என் தாய்மாமா, தாம் சூப்பர்வைசராக இருந்த கொட்டகையில் என்னைக் கணக்கெழுதும் தற்காலிகக் கிராணியாகச் சேர்த்துவிட்டார். "என் மருமக யுனிவர்சிட்டி. ஒரு புள்ளி தப்பா வைக்க மாட்டா" என்று அவர் மேனேஜரிடம் சொன்னதை நான் மறுக்கவில்லை. அடக்கம் காரணமாக அல்ல; அது உண்மை என்றே நம்பினேன்.

கொட்டகையின் தொழில் எளிமையானது. குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் ஏர்கோன்களுக்கும் ஊற்றப்படும் வாயு, வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் தயாராகிப் பெரிய தொட்டிகளில் கப்பல் வழியாக வரும். அதை இடுப்பளவு உயரமுள்ள உருக்கு உருளைகளில், கொட்டகைப் பேச்சில் தோங்குகளில், நிரப்பிச் செலாயாங், செராஸ் முதலிய இடங்களின் ஏர்கோன் கடைகளுக்கு அனுப்புவார்கள். தீர்ந்த தோங்குகள் லோரியில் திரும்பி வரும். தீர்ந்தவை என்பது பேச்சுக்குத்தான். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் வாயு எஞ்சியிருக்கும். கடைக்காரர் அதில் எதைக் கலந்தார் என்பது யாருக்கும் தெரியாதாகையால், மீண்டும் நிரப்புவதற்கு முன் அந்த மிச்சத்தை அகற்றியாக வேண்டும். அகற்றும் முறை இதுதான்: வால்வைத் திறப்பது, உஸ்ஸென்ற ஓசை நிற்கும் வரை காத்திருப்பது. மிச்சம் வானத்துக்குப் போய்விடும்.

அந்த ஆண்டு, வாயுவைத் தயாரிக்கும் வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் சொந்தக் குழாய்களிலிருந்து எவ்வளவு வாயு தப்பிப் போகிறது, தன் வாயுவை நிரப்பித் தருபவர்களின் கொட்டகைகளிலிருந்து எவ்வளவு போகிறது என்று அது ஓர் அட்டவணை போடத் தொடங்கியிருந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆயினும் மேலே சென்று ஓசோன் படலத்தைக் கெடுப்பதோடு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று கடிதம் விளக்கியது. கூடவே ஒரு படிவம். திரும்பி வரும் ஒவ்வொரு தோங்கிலும் எஞ்சியிருப்பது எத்தனை கிலோ? நான் வரும் வரை கொட்டகையில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றே எழுதி வந்தார்கள். வானத்துக்குப் போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, ஆகவே இல்லை.

மேனேஜர் சீனர், பொல்லாதவர் அல்லர், எதையும் எண்ணில் காட்டினால் நம்புவார். ஒரு மாதம் ஒழுங்காக எழுதிக் காட்டுங்கள், வீணாவது அதிகமென்றால் மிச்ச வாயுவை உறிஞ்சித் தனித் தோங்கில் சேர்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்குகிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த இயந்திரத்துக்காக உண்மையில் காத்திருந்தவர் ஓர் அக்கா. வால்வுகளைத் திறப்பது அவர் வேலை. ஒன்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்து வந்தார். வெளியேறும் வாயு உறைபனியைவிடக் குளிர்ந்தது. அவருடைய வலக்கை விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து, எதையும் உணராதவையாகியிருந்தன. வெந்நீர் சுடுகிறதா என்பதை இடக்கையால் தொட்டுப் பார்ப்பார். காற்றோட்டமில்லாத மழை நாட்களில் தலை சுற்றி வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். ஜூலையில் ஒரு முறை உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டதாகவும், எழுப்பியபோது முதலில் "எத்தனை தோங் பாக்கி?" என்று கேட்டதாகவும் மாமா சொன்னார். மெஷின் வந்தால் வால்வில் ஒரு குழாயை மாட்டிவிட்டு அவர் தள்ளி நிற்கலாம். அவ்வளவுதான் அவருடைய ஆசை: தள்ளி நிற்பது.

அந்த ஆசையை நிறைவேற்றும் எண்கள் என் கையில் இருந்தன. என் கையின் தகுதியை இங்கே சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் எழுத்தறை தரப்பட்டிருந்தது. முற்றத்தில் அக்கா தோங்கை உருட்டி மேடைத் தராசில் ஏற்றுவார். முதலில் தோங்கின் தோளில் பொறிக்கப்பட்டிருக்கும் வெற்றெடையைப் படித்துக் கத்துவார். பிறகு தராசு காட்டும் எடையைக் கத்துவார். நான் உள்ளே இரண்டையும் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சிய வாயுவின் எடையை மூன்றாம் பத்தியில் இரண்டு தசம இடங்கள் வரை பதிவேன். பத்திகளுக்குச் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தேன். நான்காவதாக 'குறிப்பு' என்றொரு பத்தியையும் நானே சேர்த்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. கல்வெட்டுகளைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தவள் நான். உலோகத்தில் பொறித்த எண்ணைப் பொறித்தபடியே ஏற்பதுதானே முறை? ஒரு மாதமும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே அந்தக் கல்வெட்டுகளை ஆராய்ந்தேன். வெயில் கடுமையாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று, மாலை பூஜைக்காகக் காலை முதலே கழுவல் நடந்தது. தராசைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, செவ்வந்தி மாலை சாத்தி, மேடையின் நடுவில் ஓர் எலுமிச்சம் பழத்தை வைத்துவிட்டார் மாமா. என் பதிவேடும் பேனாவும் சாமி படத்தின் முன் அடுக்கப்பட்டன. எழுத எதுவும் இல்லாததால், வேறு வழியின்றி, நான் முற்றத்துக்கு வந்தேன். வேலை நேரத்தில் நான் முற்றத்துக்கு வந்த முதல் நாள் அதுதான்.

தோங்குகளைப் பார்த்தேன். அவற்றுக்குத் தலை இல்லை. கண்ணாடி வழியாக நான் ஒரு மாதமாகக் கண்ட கவிந்த இரும்புத் தலைகள் தனியே கழற்றிக் கழுவப்பட்டுத் தரையில் வரிசையாக இருந்தன. தலை இருந்த இடத்தில் பித்தளை வால்வுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, இது என்ன?"

"இதுவா? மூடி." அக்கா பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை.

"எதற்கு?"

"வால்வு ஒடையாம இருக்கத்தான் தங்கச்சி. மூடி இல்லாம லோரியில ஏத்திப் பாரு. வால்வு ஒடஞ்சா தோங்கு ராக்கெட்டு மாதிரி கிளம்பி போர்ட் கிள்ளானுக்கே போயிரும் லா."

"எடை போடும்போது இது மேலேயே இருக்குமா?"

"பின்ன? கழட்டி இடுப்புல சொருகிக்குவேனா? நிறுத்து முடிச்சுத்தான் அந்தப் பக்கம் கொண்டுபோயி கழட்டுறது."

தோங்கின் தோளில் பொறித்திருந்த வெற்றெடை தோங்குக்கும் வால்வுக்கும் உரியது. மூடி எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது. ஆகவே அதை யாரும் அந்த எடையில் சேர்ப்பதில்லை. இதை மாமாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் தேங்காய் உரித்தபடி, "ஆமா, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்" என்றார். அதாவது, நான் எழுதிய ஒவ்வோர் எண்ணிலும் ஒரு மூடியின் எடை வாயுவாக மாறியிருந்தது. என் பதிவேட்டின்படி, நாள்தோறும் நாற்பது இரும்பு மூடிகள் ஆவியாகி, ஓசோன் படலத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போய், உலகத்தின் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தன.

இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. ஒரு மாதத்தில் எந்தத் தோங்கிலும் ஒரு கிலோவுக்குக் கணிசமாகக் குறைவான மிச்சத்தை நான் எழுதியதே இல்லை. சிந்திக்கத் தெரிந்த எவரையும் அது நிறுத்தியிருக்கும். நானோ குறிப்புப் பத்தியில், 'கடைக்காரர்களின் பொறுப்பின்மை வருந்தத்தக்கது' என்று நான்கு இடங்களில் வருந்தியிருந்தேன்.

ஒரு மூடியின் எடை எவ்வளவு என்று உடனே தெரிந்தாக வேண்டும். ஒன்றை எடுத்துக்கொண்டு தராசை நோக்கி நடந்தேன். மாமா குறுக்கே வந்தார்.

"பாப்பா, இன்னைக்கு தராச தொடக்கூடாது. சாமி உக்காந்திருக்கு."

"ஒரே ஒரு மூடி, மாமா."

"ஒரு மூடியோ ஒரு மூட்டையோ, எலுமிச்சம் பழம் எறங்கட்டும். நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டி எறக்கிடுறேன். அதுக்கப்புறம் நீயே ஏறி நின்னு நிறுத்துக்க."

பூஜைக்குப் பொங்கல் வைக்க எடுத்து வைத்திருந்த ஒரு கிலோ பச்சரிசிப் பொட்டலத்தை இடக்கையிலும் மூடியை வலக்கையிலும் ஏந்தி, கண்ணை மூடி, இரண்டையும் ஒப்பிட்டேன். பிறகு கை மாற்றி ஒப்பிட்டேன். இரண்டு தசம இடங்களின் அரசி அரிசிப் பொட்டலத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"என்னா டீச்சர், சாமிக்கே அளந்துதான் போடுவியா?" என்று அக்கா சிரித்தார். அவருக்கு அன்று நல்ல மனநிலை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெஷின் ஏஜெண்ட் வருவதாகவும், மேனேஜர் கையெழுத்துப் போடப்போவதாகவும் எல்லாருக்கும் தெரியும். என் பதிவேட்டைப் பார்த்து, "வாஹ்! சோ மச்!" என்று மேனேஜர் வாயைப் பிளந்ததை மாமா மூன்று முறை நடித்துக் காட்டியிருந்தார்.

பொட்டலமும் மூடியும் ஏறத்தாழ ஒரே எடை. என் கணக்கில் ஒரு தோங்கின் சராசரி மிச்சம் இரண்டு கிலோ சொச்சம். பாதிக்குச் சற்றுக் குறைவு இரும்பு.

பூஜை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது மாமாவைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் வாயிலிருந்த சுண்டலை மென்று விழுங்கினார்.

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப விடு. நீ பொய்யா எழுதுன? தெரியாமத்தான எழுதுன. தெரியாம எழுதுனது பொய்யில்ல."

"இப்போது தெரியுமே, மாமா."

"பூஜை அன்னைக்குத் தெரிஞ்சது கணக்குல வராது" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொம்பள கையப் பாத்தியா நீ? மெஷின் வரட்டும். மூடி மேல போச்சா கீழ கெடந்துச்சான்னு எந்த வெள்ளக்காரன் வந்து பாக்கப் போறான்?" என்றார்.

மாமா சொன்னதை இகழ எனக்கு உரிமையில்லை. அவர் அக்காவின் கையைப் பார்த்திருந்தார். நான் அவருடைய குரலை மட்டும் கேட்டிருந்தேன். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் பஸ்ஸில், மௌனமாக இருப்பதற்கான வாதங்களை அழகாக வகுத்துக்கொண்டே வந்தேன். மெஷின் நல்லது, ஆகவே அதை வரவழைக்கும் எண்ணும் நல்லது. எண் பெரிதாக இருந்தால் வாயு போவது குறையும். ஆகவே பெரிய எண்ணே உலகுக்கு உகந்தது. வாய்மை பற்றி நான் எழுதிய கட்டுரை வகுப்பில் படித்துக் காட்டப்பட்டது. அதை எழுதியவள் வேறு, மூடியைக் கண்டவள் வேறு. ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். வாதங்களுக்கு நிறைய நேரம் கிடைத்தது.

எதிர்வாதம் ஒன்றே ஒன்று; அதுவும் அறத்திலிருந்து வரவில்லை, அச்சத்திலிருந்து வந்தது. மெஷின் வந்த பிறகு, அது ஒரு மாதத்தில் எவ்வளவு வாயுவை உறிஞ்சியது என்று மேனேஜர் நிச்சயம் நிறுப்பார். என் எண்ணில் பாதிதான் இருக்கும். மிச்சப் பாதி எங்கே என்று கேட்டால், வால்வருகில் நிற்பவரைத்தான் முதலில் கேட்பார். குழாயைச் சரியாக மாட்டவில்லை, பழைய பழக்கத்தில் திறந்துவிடுகிறார் என்ற பழி அக்காவின் மேல் விழும். அந்நேரம் நான் பல்கலைக்கழகத்தில் வேறு ஏதேனும் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் என் புத்தகங்களும் பேனாக்களும் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு தாளில் திருத்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று கை நீட்டினேன்.

"இன்னைக்கு எழுதக் கூடாதுன்னு தெரியாது? தமிழ் படிக்கிறாளாம்" என்றார் அம்மா.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. அதைத்தான்."

"எழுதி வச்சித்தான் சொல்வியா? வாய் எதுக்கு இருக்கு?"

நியாயமான கேள்வி. இருபத்திரண்டு வயது வரை அதற்கு நான் விடை கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்குக் கொட்டகையை அடைந்தேன். மாமா கற்பூரம் காட்டி எலுமிச்சம் பழத்தை இறக்கியதும், என் கையாலேயே ஒரு மூடியைத் தராசில் வைத்தேன். பிறகு பத்து மூடிகளைச் சேர்த்து வைத்துப் பத்தால் வகுத்தேன். ஒன்று தொள்ளாயிரத்து நாற்பது கிராம். அரிசிப் பொட்டலம் என் ஒரு மாதப் பதிவேட்டைவிட நம்பகமானதாக இருந்தது.

அக்கா காலைச் சாப்பாட்டுக்கு நாஸி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேனேஜரிடம் போவதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன். அதற்கான வாக்கியங்களையும் அமைத்திருந்தேன். அவை எதுவும் வரவில்லை. "அக்கா, நான் மூடியையும் சேர்த்து எழுதிவிட்டேன். பாதிதான் வாயு. இன்று சொல்லிவிடப் போகிறேன்" என்று மட்டும் வந்தது.

அவர் பொட்டலத்தைத் திரும்ப மடித்தார்.

"அப்ப மெஷின் வராதா?"

"தெரியவில்லை. வராமலும் போகலாம்."

"இத ஏன் என்கிட்ட சொல்ற? சொல்லாம இருந்திருந்தா ஒம்பது மணி வரைக்குமாச்சும் நிம்மதியா சாப்பிட்டிருப்பேன்." பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். "ஒரு மாசம் தொண்ட கிழிய உனக்கு நம்பர் கத்துனேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வெளிய வந்து எட்டிப் பாத்தியா தங்கச்சி?"

"இல்லை, அக்கா."

"போ. போயி சொல்லு. பாதிய முழுசுன்னு சொல்லி வாங்குன மெஷின்கிட்ட என்னால நிக்க முடியாது. ஆனா உன்மேல எனக்குக் கோவம்தான். அது இருக்கும்."

எட்டரை மணிக்கு மேனேஜர் அறைக்குள் சென்றேன். அவரிடம் அதுவரை 'குட் மார்னிங்' தவிர வேறொன்றும் பேசியதில்லை. கையில் கொண்டுபோன மூடியை அவர் மேசைமேல், மெஷின் தாள்களின் பக்கத்தில் வைத்தேன். தவறு என்னுடையது, எடையைக் கூவியவருடையது அல்ல என்பதை முதலில் சொன்னேன். பிறகு எண்ணைச் சொன்னேன்.

"ஹாஃப்?" என்றார்.

"ஹாஃப்" என்றேன்.

அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். சிரித்தார், என்னைப் பார்த்தல்ல, மூடியைப் பார்த்து. பிறகு பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டார். "ஒன் மோர் மன்த் லா, கேர்ள். திஸ் டைம் பெத்துல்-பெத்துல்." இன்னும் ஒரு மாதம், இந்த முறை சரியாக. ஏஜெண்டிடம் பிறகு வரச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பாதியானாலும் வீணாவது அதிகம்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். அக்காவின் விரல்களைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் அந்த இரண்டு வாக்கியங்களும் செம்மையாக அமைந்தன. திரும்பப் போய்க் கதவைத் தட்டி அவற்றையும் சொன்னேன். "ஐ நோ, ஐ நோ. ரைட் இட் டவுன்" என்றார்.

எழுத்தறையிலிருந்த மேசையை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அது வாசலில் சிக்கியது. மாமா மேசையின் ஒரு காலைத் தூக்கிக் கொடுத்தார். பதிவேட்டில் புதிய பக்கம் திருப்பி இரண்டே பத்திகள் போட்டேன்: முன், பின். திறப்பதற்கு முன் ஒரு முறை நிறுப்பது, ஓசை நின்ற பின் ஒரு முறை நிறுப்பது. பொறித்த எண்ணும் வேண்டாம், மூடியும் வேண்டாம். வாயு போவதைக் குறைக்க, முதலில் அது போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டு வாட்டி நிறுக்கணும்னா ரெண்டு மடங்கு வேல. யாரு உருட்டுறது?" என்றார் அக்கா.

"நான்."

"நீயா? காத்தடிச்சா ரெண்டடி தள்ளிப் போற ஆளு."

"வால்வையும் பாதி நான் திறக்கிறேன்."

அவர் தம் இடக்கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து என்னிடம் எறிந்தார். முதல் தோங்கைச் சாய்த்து, விளிம்பில் நிறுத்தி, அவர் உருட்டுவது போல உருட்ட முயன்றேன். அது என்னை உருட்டியது. தராசில் ஏற்றி எழுதினேன். பிறகு இறக்கி, வால்வைப் பற்றித் திருப்பினேன். அசையவில்லை.

"அந்தப் பக்கம் மூடுறது, டீச்சர். இந்தப் பக்கம்."

இந்தப் பக்கம் திருப்பினேன். வாயு சீறிக்கொண்டு வந்தது. பித்தளையின் மேல் வெண்பனி பூத்தது. துணியைத் தாண்டிக் குளிர் விரலுக்குள் இறங்கி, எலும்பைக் கடித்தது. கையை எடுக்கவில்லை. ஓசை நிற்கும் வரை நின்றேன். மீண்டும் ஏற்றி நிறுத்து, 'பின்' என்ற பத்தியில் எழுதினேன். விரல் மரத்துப்போயிருந்ததால் எழுத்து கோணலாக விழுந்தது. குறிப்பு எதுவும் எழுதாமல், இரண்டாவது தோங்கை உருட்டப் போனேன்.